கதவு மூலையில் ஒரு கம்பி

பையை அந்தக் கதவு மூலையில் வைக்காதேம்மா. இங்கே சோபாவில் வை. தூசி ஒன்றும் இல்லை, காலையில்தான் கூட்டித் துடைத்தேன். சும்மா சொன்னேன். சோபா என்றால் எடுக்க வசதி, அவ்வளவுதான்.

உட்கார். 'நீ' என்று சொல்லலாம் இல்லையா? என் மகள் ஜெசிந்தா வயதுதான் இருக்கும் உனக்கு. நீ மேடம் என்று கூப்பிட, நான் பதிலுக்கு மேடம் என்று கூப்பிட, இரண்டு பேரும் பேங்க் கவுண்டரில் நிற்கிற மாதிரி இருக்கிறது. ஆன்ட்டி என்று சொல். வினோலியா. நல்ல பெயர். ஆர்.சி.தானே? தெரியும், கழுத்தில் மாதா பதக்கத்தைப் பார்த்தேன். இருந்தாலும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சி.எஸ்.ஐ.காரர்களும் நல்லவர்கள்தான். ஆனால் சில காரியத்துக்கு ஆர்.சி.தான் வேண்டும். என்ன காரியம் என்று அப்புறம் சொல்கிறேன்.

அங்கிள் உப்பளத்தில் இருக்கிறார். அம்பாரத்தின் மேல் மூடியிருக்கிற பனையோலையைப் பிரிக்க ஆள் வரவில்லையாம். ஓலையைப் பிரித்தால்தானே உள்ளே குவித்திருக்கிற உப்பை நீ பார்க்க முடியும்? ரெடியானதும் போன் பண்ணுவார், காரில் கூட்டிப்போகிறேன். அதுவரை இந்த மக்ரூனைச் சாப்பிடு. முட்டை வெள்ளையை அடித்து அடித்து என் தோள்பட்டை கழன்றுவிட்டது. எடு.

என்னது? ஆடிட்டுக்கு வந்த இடத்தில் சாப்பிடுவதில்லையா?

நல்ல கதை. இதே வார்த்தை. இதே சோபாவில் உட்கார்ந்துகொண்டு இதே வார்த்தையைத்தான் மச்சாது அண்ணனும் சொன்னார். ஹெர்மன் மச்சாது. எங்களுடைய முதல் ஆடிட்டர். பிளாஸ்க்கில் சொந்தக் காப்பி கொண்டுவருவார். என் வீட்டில் உட்கார்ந்து என் எதிரிலேயே மூடியில் ஊற்றிக் குடிப்பார். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. கான்வென்ட்டில் வளர்ந்தவள் நான். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர், பிறகு காப்பி, பிறகுதான் பேச்சு என்று சிஸ்டர்கள் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார்கள். இந்த மனுஷன் என்னடாவென்றால் பிளாஸ்க்கோடு வருகிறார்.

அந்தக் கம்பியா? பார்த்துவிட்டாயா? நானே சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அவருடையதுதான். ஒன்றும் இல்லை, பழைய இரும்பு. மார் உயரம், ஒரு முனை கூர், பிடியில் அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தட்டி வைத்திருப்பார். மற்ற ஆடிட்டர்கள் எல்லாம் காரை விட்டு இறங்காமல், கண்ணாடியை இறக்கி, "அதோ தெரியுதே, அதுதானே அம்பாரம்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்பாரத்தின் மேல் ஏறுவார். கம்பியை உச்சியில் நிறுத்தி, உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டுப் பிடிவரைக்கும் இறக்குவார். "உப்புக்குள்ள போறப்ப கம்பி ஒரு சத்தம் போடும்மா. அது வேற எதுலயும் வராது" என்பார். ஒவ்வொரு அம்பாரத்திலும் நாலு பக்கமும் குத்துவார். என்ன நம்பிக்கை பார்! பிறகு வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று, கம்பியில் ஒட்டியிருக்கிற உப்பு உதிர இரண்டு தட்டு தட்டுவார். டங், டங். அப்புறம்தான் அதைக் கதவு மூலையில் சாய்த்துவிட்டு உள்ளே வருவார்.

இரு. வாசலில் யாரும்மா?

யாரும் இல்லையா. சரி, காற்று. இந்தத் தெருவில் கடல் காற்று அப்படித்தான், கேட்டை ஆட்டும்.

எங்கே விட்டேன்? ஆமாம், நம்பிக்கை. தொழில் என்றால் என்ன என்று நினைக்கிறாய்? நீ படித்ததெல்லாம் சரி. தொழில் என்றால் மனுஷர்கள். அங்கிளுக்கு இது தெரியாது. அவருக்கு உப்பு தெரியும், பாத்தி தெரியும், எந்தக் கிணற்றுத் தண்ணீரில் எத்தனை டிகிரி உப்பு என்று நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவார். ஆனால் பேங்க் மேனேஜர் வீட்டம்மாவுக்குத் தைராய்டு என்று தெரியுமா? அவள் சீலா மீனைக் குழம்பு வைக்கமாட்டாள், பொரிக்கத்தான் செய்வாள், அதனால் துண்டு மெல்லிசாக வெட்டிக் கொடுக்க வேண்டும் என்று தெரியுமா? எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு எந்த வீட்டுக்கு முட்டை போடாத கேக் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டு மாடிப்படி என் கேக்கில் கட்டியது என்று அங்கிளே சிரித்துக்கொண்டு சொல்வார். சிரிக்கட்டும்.

மேனேஜர்கள் மாறிப்போவார்கள். ஆடிட்டர் மாறமாட்டார். அதனால் ஆடிட்டரைத்தான் முதலில் சொந்தமாக்க வேண்டும். ஆனால் பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவருகிற ஆளை எப்படிச் சொந்தமாக்குவது? சொல்லு பார்ப்போம்.

அவருக்குப் பிள்ளை இல்லை. மனைவி ஐரின் அக்கா, பாவம், வாயில்லாப் பூச்சி. கோவிலில் பின் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் பிள்ளைகளின் ரிப்பனைச் சரிசெய்துவிடுவாள். அப்போது ஜெசி என் வயிற்றில். அங்கிளிடம் சொன்னேன், இந்தப் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் மச்சாது சார்தான் என்று. அங்கிள் முழித்தார். "என் அண்ணன் இருக்கானே ஃபிலோ?" உங்க அண்ணன் கணக்கில் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டேன்.

ஞானஸ்நானத்தன்று பார்த்திருக்க வேண்டும் நீ. அந்த மனுஷன் பிள்ளையைக் கையில் வாங்கினார். சாமியார் தண்ணீர் ஊற்றுகிறார், பிள்ளை சும்மா இருக்கிறது, இவர் அழுகிறார். எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. பிள்ளை இல்லாதவர்களுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தேன். இதைவிட என்ன செய்ய முடியும்? அன்றோடு பிளாஸ்க் நின்றது. சார் அண்ணன் ஆனார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தச் சாப்பாட்டு மேசையில் ஓர நாற்காலி அவருக்கு. ஜெசி அவர் மடியில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு படித்தாள். பெரியப்பா, பெரியப்பா என்று பெற்ற அப்பனைத் தேடமாட்டாள்.

ஆனால் பார், கம்பியை மட்டும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நெத்திலி வறுவலை ரசித்துச் சாப்பிட்ட அதே கை, வருஷக் கணக்கு முடிகிறபோது எங்கள் அம்பாரத்தில் கம்பியை இறக்கும். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்பார். எடுத்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா?

லாரிச் சத்தம்தான், பயப்படாதே. இந்தத் தெருவில் எங்கோ வீடு கட்டுகிறார்கள். மண் அடிக்கிறார்கள் போல.

அப்புறம் அந்த மழை வந்தது. நீ அப்போது சின்னப் பிள்ளை, அதுவும் பாளையங்கோட்டையில். அங்கே என்ன, தெருவில் தண்ணீர் நின்றால் லீவு விடுவார்கள். இங்கே அளமும் கடலும் ஒன்றாகப் போயிற்று. அம்பாரம் எல்லாம் ஓலைக்குள்ளேயே கரைந்தது. மழை விட்டதும் அங்கிள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார். அம்பாரத்தைக் காட்டித்தான் பேங்கில் பணம் வாங்கியிருக்கிறோம். அம்பாரம் இல்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். வீடு, அளம், எல்லாம் அதற்குள் இருக்கிறது. தை, மாசியில் புது உப்பு வாரினாலும் பழைய அளவுக்கு எங்கே போவது? வெயிலைக் கொஞ்சம் சீக்கிரம் அடி என்று கடவுளிடமா கேட்க முடியும்?

எனக்கு அளத்து விஷயம் ஒன்றும் தெரியாது. வீட்டில் இருக்கிறவள் நான். அங்கிள் ஏதோ பண்ணினார், அம்பாரம் பழையபடி எழும்பியது, மேலே வெள்ளை வெளேர் என்று உப்பு. அவ்வளவுதான் நான் பார்த்தது. கொல்லையில் கிணறு தோண்டின மண் மலையாகக் கிடந்தது, அதுவும் காலியாயிற்று. சும்மா கிடந்த மண்தானே. கொல்லை சுத்தமானது எனக்கு நிம்மதி.

கணக்கு முடிகிற சமயம் ஜெசிக்குப் புதுநன்மை வந்தது. அந்தத் தேதியை நான்தான் சாமியாரிடம் பேசிக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். வெயில் அதிகமாவதற்குள் முடிக்கலாமே என்று. வீடு நிறைய ஆள். பிள்ளை வெள்ளை கவுனும் முக்காடும் போட்டு, கையில் மெழுகுவர்த்தியோடு சம்மனசு மாதிரி நிற்கிறது. அந்த முக்காட்டில் வைத்த லேஸ் முழுக்க ஐரின் அக்கா பின்னியது. பிரியாணி சாப்பிட்டு முடித்தார்கள். அண்ணன் கையைக் கழுவினார், துண்டில் துடைத்தார், நேராகக் கதவு மூலைக்குப் போனார்.

"வாங்க கிளாரன்ஸ், வெயில் தாழுறதுக்குள்ள அளத்துக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்."

அங்கிள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. நான் போய் அண்ணன் கையிலிருந்து கம்பியை வாங்கினேன். பிடுங்கவில்லை, வாங்கினேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"இன்னைக்குமா அண்ணே? உங்க மக நற்கருணை வாங்கியிருக்கா. இத்தனை பேருக்கு நடுவுல நீங்க கம்பியத் தூக்கிட்டுக் கிளம்பினா, கிளாரன்ஸ் வீட்ட மச்சாதுவே நம்பலைன்னு ஊர் சிரிக்காதா?"

"அப்படியில்லம்மா. இது என் வழக்கம்."

"குடும்பத்துக்குள்ள என்ன வழக்கம்? என்னை நம்பலைன்னா விடுங்க. உங்க மகளக் கேளுங்க. நேத்துதானே அப்பாகூட அளத்துக்குப் போயிட்டு வந்தா?"

அவர் குனிந்தார். பிள்ளையின் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே கேட்டார். "அம்பாரம் பாத்தியா கண்ணு? என்ன இருந்துச்சு?"

"உப்பு பெரியப்பா. வெள்ளையா, உசரமா."

பிள்ளை பொய் சொல்லவில்லையே? பார்த்ததைத்தானே சொன்னாள்? அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். நான் கம்பியைக் கதவு மூலையில் சாய்த்து வைத்தேன். வைக்கிறபோது என் கையிலும் அது தரையில் பட்டு ஒரு சத்தம் போட்டது. அதன்பிறகு அவர் அளத்துக்குப் போனார், கம்பி இல்லாமல். காரை விட்டு இறங்கவில்லையாம். கண்ணாடியை இறக்கி, "அதுதானே?" என்று கேட்டாராம். கையெழுத்தும் போட்டார்.

பார்த்தாயா, உறவு என்றால் அது. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என்ன செய்வது, அந்தச் சித்திரையிலேயே கோடை மழை கொட்டியது. ஓலையைக் காற்று தூக்கிப்போட்டது. மேலிருந்த உப்பு வழிந்து ஓடிவிட்டது. ரோட்டோரம் எங்கள் அம்பாரம் வரிசையாகச் சிவப்பாக நின்றது. பஸ்ஸில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்தான். ஜெசி ஸ்கூல் வேன் அந்த வழிதான். அன்று வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல், "அம்மா, அது செவப்பா இருக்கு" என்றாள். கையைக் கழுவிட்டுச் சாப்பிடு என்றேன். அன்றிலிருந்து அவள் சாப்பாட்டில் உப்புப் போட்டுக்கொள்வதில்லை. இன்றுவரை. எத்தனை டாக்டரிடம் காட்டினேன் தெரியுமா?

பேங்கில் பெரிய ரகளை. எங்கள் தென்னந்தோப்பு போயிற்று. ஆறுமுகனேரிப் பக்கம் அருமையான தோப்பு, அதை விற்று அடைத்தோம். நஷ்டம் எங்களுக்குத்தான். மச்சாது அண்ணனுக்கு என்ன போயிற்று? ஆடிட்டர்கள் சங்கத்தில் மெட்ராஸுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், இனி கையெழுத்துப் போடக்கூடாது என்றார்கள். கையெழுத்துதானே? தோப்பா போயிற்று? அங்கே போய் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். நான் பார்க்காமல் போட்டேன், தப்பு என்னுடையது என்றாராம். சொல்லியிருந்தால் அங்கிளை உள்ளே வைத்திருப்பார்கள் என்று வக்கீல் சொன்னார். உண்மையில் நல்ல மனுஷன். நன்றாகப் பழகி வைத்திருந்ததன் பலன்.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் நடந்தே வந்தார். காரை விற்றுவிட்டார் போல. சட்டை மட்டும் பழையபடி இஸ்திரி போட்டிருந்தது. வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க அண்ணே, காப்பி போடுகிறேன் என்றேன்.

"இல்லம்மா. கம்பிய எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அப்போது நாங்கள் வேறு பேங்கில் பேசிக்கொண்டிருந்தோம். இந்த நேரம் பார்த்து அவர் அந்தக் கம்பியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டிலிருந்து தெரு வழியாக நடந்து போனால் ஊர் என்ன பேசும்? "எந்தக் கம்பி அண்ணே?" என்றேன். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கதவை முழுக்கத் திறந்தால் மூலை மறைந்துவிடும். கதவின் அமைப்பு அப்படி.

அவர் கதவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார். "சரிம்மா. கெடச்சா எடுத்து வைங்க. வந்து வாங்கிக்கிறேன்" என்றார்.

வரவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டார். அடக்கத்துக்குப் பெரிய மாலை வாங்கிக்கொண்டுதான் போனோம். எல்லோரும் பார்க்க ஐரின் அக்கா கையைப் பிடித்தேன். அவள் அழவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அது கெடச்சுதா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். ஒரு சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா இது? என்ன ஜனங்கள்.

பேய் பிசாசு எல்லாம் நம்புகிறவள் இல்லை நான். நான்சென்ஸ். ஆனால் அந்தச் சாயங்காலம், காப்பி நேரத்துக்கு, வாசலில் இரண்டு தட்டு. டங், டங். போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. சாமியாரைக் கூப்பிட்டு வீட்டை மந்திரிக்கச் சொன்னேன், தீர்த்தம் தெளித்தார். மறுநாளும் அதே நேரம். பழைய இரும்புக்காரனிடம் கம்பியைக் கொடுத்தேன், காசுகூட வேண்டாம் என்றேன். பிடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆடிட்டர் ஐயா கம்பில்லா? வேண்டாந்தாயி" என்று மூலையிலேயே சாய்த்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுகிறான். கடலில் போடச் சொல்லி அங்கிளிடம் கொடுத்தேன். கார் டிக்கியில் வைத்துக்கொண்டு போனார், திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார். ஏன் என்று கேட்டால், "வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லிருக்கார்ல" என்கிறார். சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறார். இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன குடும்பம் நடத்துவது?

அதற்கப்புறம் ஒரு ஆடிட்டரும் நிலைக்கவில்லை. வருவார்கள், சோபாவில் உட்கார்வார்கள், மூலையைப் பார்ப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு எல்லாம் தெரியும். மறுவருஷம் போனை எடுக்கமாட்டார்கள். அதனால்தான் உன்னைப் பாளையங்கோட்டையிலிருந்து பிடித்தேன். ஏன் மறைக்க வேண்டும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜெசி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இங்கே இல்லை, மாமியார் வீட்டில். இங்கே வந்தால் தூக்கம் வராதாம். ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. என்ன பெயர் என்று கேட்டால் இன்னும் முடிவு பண்ணவில்லை என்கிறாள். என்ன பெயர் வைப்பாள் என்று எனக்குத் தெரியும். வைக்கட்டும். ஆனால் ஞானத்தாய் யார் என்று நான்தான் முடிவு செய்வேன். உன்னைப் பார்த்ததுமே தோன்றிவிட்டது. அக்கறையான முகம். உனக்கும் இன்னும் பிள்ளை இல்லை என்று உங்கள் ஆபீஸ் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வருத்தப்படாதே. என் பேரனை உன் கையில் தருகிறேன். நீ இந்த வீட்டுப் பெண் ஆகிவிடுவாய். ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிடு. அந்த ஓர நாற்காலி சும்மாதான் கிடக்கிறது.

இந்த வருஷமும் மழை கொஞ்சம் அதிகம்தான். இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக ஒன்றும் கரைந்துவிடவில்லை. அங்கிள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார். சரிசெய்கிறார். ஓலை பிரிக்கத்தான் ஆள் இல்லை.

ஜன்னலில் என்னம்மா பார்க்கிறாய்? லாரிதான். மண் லாரிதான். வீடு கட்டுகிற இடத்துக்குப் போகிறது. ஆமாம், அது அளத்து ரோடுதான், அந்த வழியாகவும் போகலாம். நீ உட்கார். மக்ரூனைத் தொடவே இல்லையே நீ.

எங்கே எழுந்துவிட்டாய்? பாத்ரூம் இந்தப் பக்கம். அங்கே போகாதே. வினோலியா, அங்கே ஒன்றும் இல்லை. அதை ஏன் எடுக்கிறாய்? கையெல்லாம் துருவாகும். நீ நேற்று வந்த பிள்ளை, உனக்கு அதெல்லாம் குத்தத் தெரியாது. அங்கிள் இன்னும் போன் பண்ணவில்லை. நடந்தா போகப்போகிறாய், இந்த வெயிலில்? நான் காரை எடுக்கிறேன், கொஞ்சம் இரு, ஒரு போன், ஒரே ஒரு போன் பண்ணிவிடுகிறேன். ஜெசியிடம் நான் என்ன சொல்வேன்? பிள்ளைக்கு நான் யாரைப் பார்ப்பேன்?

சரி, போ. எடுத்துக்கொண்டு போ. ஆனால் வாசலில் தட்டாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். இந்த வீட்டில் அதை மட்டும் செய்யாதே.

தட்டாதே என்கிறேன் இல்லையா?

நீ தோளில் அல்லவா வைத்திருக்கிறாய். கம்பி தரையில் படவே இல்லையே.

பிறகு யாரும்மா அது, வாசலில்?